வால்பக்க பால்கனி

மார்ச் 5, செவ்வாய்

மழை. டிக்கெட் ஜன்னலில் காலையிலிருந்து முப்பத்தெட்டு பேர்தான். நேபிள்ஸுக்குப் படகேறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்: இவர் பல் டாக்டரிடம், இவர் வக்கீலிடம், இவர் போகக்கூடாத இடத்துக்கு. மருந்துக்கடைக்காரர் மூன்றாவது செவ்வாயாக வாசனை பூசிக்கொண்டு போகிறார். எனக்கென்ன.

இருபத்திரண்டு வருஷமாகப் புரோச்சிதாத் தீவையே படகேற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேபிள்ஸைத் தாண்டி நான் எங்கே போயிருக்கிறேன்? ஒரே ஒருமுறை சொரெந்தோ. அதுவும் ஒரு சாவுக்கு.

வீட்டுக்கு வந்தால் உப்பு ஜாடியைக் காணோம். என் வீட்டுக்காரர் கொஸ்தான்சோ இடம் மாற்றி, சீட்டும் ஒட்டியிருக்கிறார்: 'உப்பு. அவசரத்துக்கு மட்டும்.' முப்பத்தொரு வருஷம் கப்பலின் எஞ்ஜின் அறையில் இருந்த மனிதர், கடைசிப் பதினான்கு வருஷம் அதற்கே தலைவர். நவம்பரில் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து என் சமையலறைதான் அவருக்கு எஞ்ஜின் அறை. நான்தான் கடைநிலை எண்ணெய்க்காரி.

சூப் குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "எனக்குக் கப்பல்ல போகணும். ஒரு வாரம். வால்பக்கம் பால்கனி வச்ச கேபின்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "ஏன் வால்பக்கம்?"

இதுகூடவா புரியாது? எங்கள் தீவுப் பெண்களுக்குக் கப்பல் என்றாலே அதன் வால்தான். புருஷன் ஏறிய கப்பல் நேபிள்ஸிலிருந்து கிளம்பித் தீவைத் தாண்டும்போது மொட்டைமாடியில் நின்று படுக்கை விரிப்பை ஆட்டுவோம். கப்பலின் மூக்கு தெரியும்போது ஆட்ட ஆரம்பித்தால், வால் கண்ணிலிருந்து மறையும்போதுதான் கை இறங்கும். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் இவர் வீட்டில் இருந்ததைக் கூட்டினால் எட்டு வருஷம் தேறாது. மிச்சமெல்லாம் வால். அந்த வாலில் நின்றால் இந்த மொட்டைமாடி எப்படித் தெரியும் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? அதுவும் இவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு?

"அங்க காத்து அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒழுகாத குழாயை இறுக்கப் போய்விட்டார்.

மார்ச் 9, சனி

நேபிள்ஸ். பயண முகவர் கடை. அங்கே ஃபப்ரீட்சியா என்று ஒரு பெண். பத்து விரல் நகத்துக்கும் பத்து நிறம்.

கப்பலின் வரைபடத்தை விரித்தாள். பார்த்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷத்தில்தான்!

"மேல் தளம் வேணாம் மேடம். தலைக்கு மேல சாப்பாட்டுக் கூடம், விடிஞ்சதும் நாற்காலிய இழுக்க ஆரம்பிச்சிடுவாங்க. கீழ் தளத்துல பால்கனிக்குக் கண்ணாடி கிடையாது, இரும்புத் தடுப்பு. உட்கார்ந்தா கடல் தெரியாது. எட்டாவது தளம், மூலை. அதுதான் ராஜா."

"எந்த மூலை? போற வழியில எங்க தீவு தெரியணும்."

இங்கேதான் சிக்கல். தீவு கப்பலுக்கு வலப்பக்கம் வரும். ஆனால் வாலில் பின்னால் பார்த்து நிற்கிற எனக்கு அது இடப்பக்கம். இதை விளக்க நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கப்பலானேன். ஃபப்ரீட்சியா நேபிள்ஸ் ஆனாள். தண்ணீர் பாட்டில் புரோச்சிதா. நான் "பூம்" என்று ஊதிக்கொண்டு நாற்காலியோடு நகர்ந்தேன். வரிசையில் இருந்த ஒரு பாதிரியார் எழுந்து போய்விட்டார்.

"கிடைச்சிடுச்சு மேடம்! வலது மூலை, காலியா இருக்கு!"

"இவ்ளோ நல்ல இடம் ஏன் இன்னும் காலியா இருக்கு?"

நகத்தைப் பார்த்தாள். "கிளம்புற தேதி மேடம். மே பதினேழு. வெள்ளிக்கிழமை. மத்த மூலையெல்லாம் ஜெர்மன்காரங்க எடுத்துட்டாங்க. இது நம்ம நாட்டு ஆளுங்களுக்குன்னு ஒதுக்குனது."

வெள்ளியும் பதினேழும் சேர்ந்து வந்தால் எங்கள் பக்கம் கோழிகூடக் கூட்டைவிட்டு இறங்காது. நான் தோஷம் அண்டாமலிருக்க ஒரு கையால் கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் பெயரை எழுதினேன். இருபத்திரண்டாம் தேதி மதியம் ஒரு மணிவரை எனக்காக வைத்திருப்பாள். அதற்குள் கொஸ்தான்சோவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். தனியாக வாலில் நின்று என்ன செய்ய? அதற்கு மொட்டைமாடியே போதுமே.

மார்ச் 10, ஞாயிறு

வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். சீட்டு ஒட்டுவது அவருக்கு மட்டும்தான் தெரியுமா?

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரலால் ஓர் இடத்தைத் தட்டினார். "உன் கட்டிலுக்கு நேர் கீழ ரெண்டு புரொப்பெல்லர். மேசையில தம்ளர் வச்சா அதுவே நடந்து கழிப்பறைக்குப் போயிடும். காத்து பின்னாடியிருந்து அடிச்சா புகைக்கூண்டுக் கரி உன் காபியில. தூங்கவே முடியாது."

"நீ முப்பத்தொரு வருஷம் அதுக்குள்ளயே தூங்கலயா?"

"அதனாலதான் சொல்றேன்."

மார்ச் 12, செவ்வாய்

அதிர்வில் தூங்க முடியுமா முடியாதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சலவை இயந்திரத்தை ஒட்டி மெத்தையைப் போட்டேன். நாலு ஈரத் துண்டும் ஒரு போர்வையும் உள்ளே போட்டுப் பிழியவிட்டேன். மேலே தம்ளரில் தண்ணீர். படுத்துக் கண்ணை மூடி, மத்தியதரைக்கடலை நினைத்துக்கொண்டேன்.

அருமையான தூக்கம்! தம்ளர் என் வயிற்றில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

எழுந்து பார்த்தால் கொஸ்தான்சோ தலையைச் சாய்த்து நிற்கிறார். என்னைப் பற்றித்தான் கவலை என்று நினைத்தேன். "பேரிங் போச்சு" என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இயந்திரத்தை எழுபது துண்டாகப் பிரித்துத் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டார்.

மார்ச் 13, புதன்

துணியெல்லாம் கையால் துவைத்தேன். விரல் நோகிறது.

மார்ச் 15, வெள்ளி

அசுந்தா வந்தாள். கொஸ்தான்சோவின் அக்கா, பக்கத்து மாடி. எனக்கு வாய்த்த நாத்தனார். சுவரில் வரைபடத்தையும் ஓரத்தில் நான் குறித்த தேதியையும் பார்த்ததும், கையில் கிடைத்த இரும்புக் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி எர்சீலியா! வெள்ளிக்கிழமை, பதினேழு, கப்பலோட வாலு. மூணையும் ஒண்ணா எடுத்திருக்கியே, தலையில கல்லு கில்லு விழுந்திச்சா? எந்தம்பிய இப்பத்தான் கடல்கிட்டயிருந்து முழுசா வாங்கியிருக்கோம். திரும்ப அனுப்புறியா?"

"நானும்தான் கூடப் போறேன்."

"நீ போ. உன்னை யாரு பிடிச்சா?" கொஞ்ச நேரம் வரைபடத்தை முறைத்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஒருவேளை அவன் வரலேன்னா... நான் வரட்டா? சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்துல மாத்திடு."

மார்ச் 18, திங்கள்

விசித்திரம். இன்று மனிதர் இறங்கி வந்தார். கப்பலுக்கு வருகிறாராம்! நான் துள்ளிக் குதிப்பதற்குள் தொடர்ந்தார்: நடுக் கப்பலில், ஜன்னலே இல்லாத கேபின். "அங்கதான் ஆடாது." வேண்டாமென்றேன். சரி, முன்பக்கம். வேண்டாம். பக்கவாட்டில் பால்கனி? வேண்டாம். "உச்சித் தளம்கூட எடுத்துக்கோ. வால் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"நீ நின்ன இடத்துல நானும் நிக்கணும்னு ஆசைப்படறேன், அவ்வளவுதானே? எங்க நின்னு என்னைப் பார்ப்ப? இடதா, வலதா? எந்தத் தளம்?"

காது இரண்டும் சிவந்துவிட்டன. "அது... பொதுவா... பின்னாடிதான்" என்றார். ரொட்டி வாங்கப் போய்விட்டார். வீட்டில் இரண்டு ரொட்டி முழுசாக இருக்கிறது!

ஊர்க்கதையை மோப்பம் பிடித்தே வளர்ந்த மூக்கு இது. அரிக்கிறது. வாலில் என்ன இருக்கிறது? ஒருவேளை, அவர் கப்பல் போய்ச்சேரும் எதிர்க்கரையில், டூனிஸில், ஒருத்தி இருந்து அவளும் விரிப்பு ஆட்டினாளோ? இந்தத் தொப்பைக்கா? சே. ஆனாலும்—

மார்ச் 19, செவ்வாய்

சான் ஜுசெப்பே திருநாள். லீபெரோ ஒரு காகிதப் பை நிறைய ஸெப்போலே கொண்டுவந்து ஜன்னலுக்குள் நீட்டினார். சூடு, மேலே க்ரீம், நடுவில் செர்ரி. கொஸ்தான்சோவின் கப்பலில் ஒன்பது வருஷம் மேல்தள ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர். கேட்டால் என்ன?

"லீபெரோ அண்ணே, கப்பல் கிளம்பறப்ப இவரு எங்க நின்னு எங்களைப் பார்ப்பாரு?"

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

லீபெரோ சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த க்ரீம் அட்டவணைப் பலகையில் தெறித்தது. "எஞ்ஜின்காரனா? கிளம்பறப்ப மேலயா? அப்ப கப்பலை யாரும்மா ஓட்டுறது, சான் ஜுசெப்பேயா? கிளம்பறப்பவும் கரை சேர்றப்பவும் கீழயிருந்து ஒருத்தன் தும்மறதுக்குக்கூட மேல வரமுடியாது. எல்லாம் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏறி வருவாங்க. அப்ப சுத்தி வெறும் தண்ணி."

பதினொன்று பத்துக்குக் கிளம்பும் படகு போனது. டிக்கெட் வாங்காமல் மூன்று பேர் ஏறினார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதே நாள், மாலை

இருபத்தாறு வருஷம்! அடப் பாவி மனுஷா!

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் கேட்பேனே, பார்த்தியான்னு? பார்த்தேன் பார்த்தேன்னு தலையாட்டுனியே! 'மஞ்சள் விரிப்பு நல்லா இருந்திச்சு'ன்னு வேற! எப்பிடித் தெரிஞ்சுது உனக்கு மஞ்சள்னு?

நான் என்ன பத்து நிமிஷமா நின்னேன்? ஒண்ணேகால் மணி நேரம். மழையில நின்னிருக்கேன். வலது கை உடைஞ்சு கட்டுப் போட்ட வருஷம் இடது கையால ஆட்டுனேன். கீழ அடுப்புல தக்காளி சாஸ் கரியாப் போயி எத்தனை சட்டி தூக்கிப் போட்டிருக்கேன். உதட்டுச் சாயம் வேற! யாருக்கு? இரும்புச் சுவருக்கு!

கடலைப் பத்தி வீட்ல பேசக்கூடாதாம். இந்த ஊரு ஆம்பளைங்க சட்டம். இப்பத்தானே தெரியுது ஏன்னு.

ஸெப்போலே ஆறையும் நானே தின்றேன். நெஞ்சு எரிகிறது.

மார்ச் 20, புதன்

காலையில் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "லீபெரோ சொல்லிட்டாரு."

உட்கார்ந்தார். கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"முதல் தடவை ஊருக்கு வந்தப்ப நீ கையில தைலம் தடவிக்கிட்டு இருந்த. ஆட்டி ஆட்டி வீங்கிப் போச்சுன்ன. பார்த்தியான்னு கேட்ட. இல்லேன்னு எப்பிடிச் சொல்றது எர்சீ? ஆமான்னுட்டேன். அப்புறம் இறங்க வழியில்ல."

"விரிப்பு நிறம் எப்பிடித் தெரிஞ்சுது?"

"சபதீனோ."

சபதீனோ கப்பலின் சமையல்காரர். சமையற்கட்டில் வால்பக்கம் ஒரு வட்ட ஜன்னல் உண்டாம். தீவை ஒட்டிப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே எஞ்ஜின் அறைக்குப் போன் செய்வாராம். 'மஞ்சள், பூப்போட்டது. உங்க அக்காவும் நிக்கிறாங்க.' இவர் அந்த இரைச்சலில் எல்லோருக்கும் கேட்கக் கத்திச் சொல்வாராம். எண்ணெய்க் கையோடு அத்தனை பேரும் தட்டுவார்களாம்.

"ஒரு தடவை பச்சைன்னு சொன்னியே? அன்னிக்கு நீலம். அதுக்குச் சண்டையே போட்டோமே?"

"அன்னிக்கு அவன் கண்ணாடி உடைஞ்சிருந்திச்சு."

"வேற என்னல்லாம் சொன்னான்?"

ஸ்பானரைத் திரும்ப எடுத்தார். "ஒரே ஒரு தடவை... இன்னிக்கு நைட்டியோட நிக்கிறாங்கன்னான்."

மானம் கப்பலேறியது என்று ஊரில் மற்றவர்களைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என்னுடையது நிஜமாகவே ஏறி, டூனிஸ்வரை போய்த் திரும்பியிருக்கிறது.

"அந்தப் பால்கனியில நின்னா நீ கேட்ப" என்றார். "எங்க நின்ன, எப்பிடித் தெரிஞ்சுதுன்னு. எனக்கு எதுவும் தெரியாது. கரை விலகிப் போறத நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக் கதவைத் தட்டினார். சிரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன். இங்கேயும் எதற்குப் பொய்?

மார்ச் 22, வெள்ளி

ஒரு மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபப்ரீட்சியாவுக்குப் போன் செய்தேன். மூலை எனக்கு! ஒரு நிபந்தனை: நான் நேபிள்ஸில் ஏறுவேன், என் கணவர் மறுநாள் அடுத்த துறைமுகமான சிவிதாவெக்கியாவில் ஏறுவார்.

"ஏன் மேடம், சண்டையா?"

"இல்லம்மா. தண்டனை."

தீர்ப்பு இதுதான்: பதினேழாம் தேதி சாயங்காலம் அவர் மொட்டைமாடியில் நின்று விரிப்பு ஆட்ட வேண்டும். நான் வாலிலிருந்து பார்ப்பேன். பிறகு கடைசிப் படகு, நேபிள்ஸில் அவர் மாமன் மகன் வீட்டில் தூக்கம், காலை ரயில்.

"ஆட்டறேன்" என்றார் உடனே. வருவதைப் பற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பால்கனியை நினைத்தால் இன்னும் கூசுகிறது மனிதருக்கு. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? எட்டு வருஷம் கூட வாழ்ந்ததில் இந்த ஒரு சொல்லுக்குத்தான் இன்னும் அகராதி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

மொட்டைமாடியில் ஒத்திகை பார்க்கிறார். கையில் நிறுத்துக் கடிகாரம். கீழே தெருவே வேடிக்கை பார்க்கிறது. அசுந்தா பக்கத்து மாடியிலிருந்து கத்துகிறாள்: "முழங்கைய மடக்காதடா, கோழி பறக்கிற மாதிரி இருக்கு!"

மே 16, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. பூட்டின் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'இந்தப் பக்கம் மேலே.' அவர் பை இன்னும் அலமாரி மேல், காலியாக. நான் அதைப் பார்க்காததுபோல் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்க்காததுபோல் இருந்தார்.

மே 17, வெள்ளி

கப்பலில் எழுதுகிறேன்! கப்பலில்!

பால்கனி எங்கள் சமையலறையை விடப் பெரியது. தரை குறுகுறுக்கிறது, பல் துலக்கும் பிரஷ் தம்ளருக்குள் தானே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அடுத்த பால்கனியில் ஒரு ஜெர்மன் தம்பதி. கையில் பீர், முகம் இப்போதே தக்காளி.

ஆறு மணிக்குக் கிளம்பியது. ஏழு மணிக்குத் தீவு, சரியாக என் இடப்பக்கம். தொலைநோக்கியை எடுத்தேன். கடவுளே, ஒரு விரிப்பா, இரண்டா? பதினான்கு! அசுந்தா தெருவுக்கே சொல்லிவைத்திருக்கிறாள். இதில் என் ஆள் எது?

ஒரு விரிப்பு மட்டும் கணக்காக ஏறி இறங்கியது. மேலே, ஒன்று, இரண்டு; கீழே, ஒன்று, இரண்டு. காற்று அடித்தாலும் தாளம் தப்பவில்லை. எஞ்ஜின்காரர்! வேறு யார்? கப்பல் துண்டை எடுத்துச் சுழற்றிக் கத்தினேன். ஜெர்மன்காரியும் தன் துண்டை எடுத்துச் சுழற்றினாள், யாருக்கென்று தெரியாமலே. அவள் புருஷன் பீரைத் தூக்கிக் காட்டினான்.

ஒன்று புரிந்தது. இங்கிருந்து நிறம் தெரிகிறது, ஆள் ஒரு மிளகு அளவு தெரிகிறது, முகம் தெரியவே தெரியாது. ஆக, உதட்டுச் சாயம் எந்தக் காலத்திலும் வீண்தான்.

ஒவ்வொரு விரிப்பாக இறங்கியது. அவருடையது இறங்கவில்லை. ஏழரை. ஏழே முக்கால். இன்னும் மேலே, கீழே. கடைசிப் படகு எட்டு பத்துக்கு. அட்டவணையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வீட்டிலிருந்து துறைக்கு இருபது நிமிஷம், இவர் கால்வலிக்கு இருபத்தைந்து.

போதும்யா. இறக்கு. ஓடு.

எட்டுக்கும் அந்தப் புள்ளி அசைந்துகொண்டிருந்தது. பிறகு எது விரிப்பு, எது அலை நுரை என்று தெரியவில்லை. படகு போயிருக்கும்.

போன் செய்தேன். அசுந்தா எடுத்தாள், அவருடைய போனை. "இங்கயே வச்சிட்டுப் போயிட்டான்." எங்கே போனார்? "யாருக்குத் தெரியும்? கைய உதறிக்கிட்டே இறங்கிப் போனான்."

மே 18, சனி

சிவிதாவெக்கியா. காலை ஏழிலிருந்து வாசல் படியருகே நிற்கிறேன். ஒன்பது. பதினொன்று. பணிப்பெண் மூன்றாவது முறையாகச் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன், நன்றாகவே, கவலைக்கும் என் பசிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மூன்றரைக்கு வந்தார். முதல் படகு, தாமத ரயில், தவறான பேருந்து. சவரம் செய்யாத முகம். தோளில் அந்தப் பை. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "கை தூக்க முடியல."

கேபினில் உட்காரவைத்துத் தைலம் தடவினேன். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

ஆறு மணிக்குத் தரை குறுகுறுத்தது. உடனே தலையைச் சாய்த்துப் பால்கனிக் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். "இடது எஞ்ஜின் கொஞ்சம்—" மோவாயைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பினேன். அப்புறம் அவர் எஞ்ஜினைப் பற்றிப் பேசவில்லை.

கயிறு கழற்றினவர்கள் சின்னதானார்கள். பிறகு கோட்டை, பாரந்தூக்கிகள். அரை மணி நேரம். "இன்னும் தெரியுதே" என்றார். முக்கால் மணி. "எர்சீ, இன்னும் தெரியுது." நுரைக்கோடு நேராகக் கரைவரை போய்க்கொண்டிருந்தது. அவர் கம்பியை விடவில்லை.

வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நேத்து எனக்கு ஒரு மணி நேரத்துலயே தோள் போச்சு. நீ... ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்குமா நின்ன?"

"எனக்கென்ன பைத்தியமா? முதல் தடவை கை வீங்கினதோட சரி, அப்புறமெல்லாம் பத்து நிமிஷம் ஆட்டிட்டு இறங்கிடுவேன். அடுப்புல சாஸ் இருக்குமில்ல?"

"நிஜமாவா?"

"அசுந்தாவைக் கேளு." அவளுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவைக்க வேண்டும்.

பெருமூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. நம்பிவிட்டார். உற்சாகமாகிக் காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்தார்.

கையைப் பிடித்து இழுத்தேன். "உட்காரு. கரை இன்னும் தெரியுது."